மாமா பாதியில் விட்ட ஓவர்

மஞ்சக்குப்பம் மைதானத்துச் சுவரோரம் வண்டியை நிறுத்திவிட்டு, பிள்ளை பயிற்சி முடித்து வரும்வரை ஃபிளாஸ்க்கோடு காத்திருக்கும் என் வயதுக்காரர்களுக்கு இதை எழுதுகிறேன். நாம் அங்கே என்ன பேசிக்கொள்வோம் என்று உங்களுக்கே தெரியும். எந்த ஷூ வழுக்காது, யார் பையன் எத்தனை முட்டை சாப்பிடுகிறான், சர்க்கரைக்கு எந்த டாக்டர் கைராசி. நம் முழங்கால் வலி, கழுத்து வலி எல்லாவற்றையும் பேசியிருக்கிறோம். பிள்ளைகளுக்கு எங்கே வலிக்கிறது என்று மட்டும் பேசியதில்லை. பதினாறு வயதில் என்ன வலி வந்துவிடப்போகிறது என்றுதான் நானும் இருந்தேன்.

போன வாரம் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் என் மகனின் முதுகை ஸ்கேன் எடுத்தார்கள். பந்து வீசிவிட்டுக் குனிந்தவன் நிமிரச் சிரமப்பட்டதைப் பார்த்துப் பயிற்சியாளர்தான் அனுப்பிவைத்தார். டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பி, இடுப்புக்குச் சற்று மேலே பேனா முனையை வைத்தார்.

"இங்க பாருங்க, எலும்புல விரிசல். வேகமா பந்து போடற பசங்களுக்கு வளர்ற வயசுல வர்றதுதான். நெறைய பேரு பிடிப்புன்னு நெனச்சி நீவி விடுவாங்க, சில ஊர்ல மிதிக்கக்கூடச் சொல்லுவாங்க. அப்படி ஏதாவது செஞ்சீங்களா?"

"இல்லை" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. என் கணவர் திரும்பிப் பார்த்தார்.

சில மாதங்கள் பந்தையே தொடக்கூடாது என்றார் டாக்டர். கேட்டுக்கொண்டிருந்த மகன், வரும் ஞாயிற்றுக்கிழமை மாவட்ட அணிக்குத் தேர்வு இருக்கிறது, தனக்கு இப்போது வலியே இல்லை என்றான். இப்போது போட்டால் விரிசல் முழுமுறிவாகிவிடலாம் என்று டாக்டர் சொன்னது அவன் காதில் விழவில்லை.

கடலூர் வந்து வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகத் தாத்தாவிடம் போனான். என் அப்பா எங்களோடுதான் இருக்கிறார். எண்பதை நெருங்குகிறார். பேரனும் அவரும் சேர்ந்துதான் டெஸ்ட் மேட்ச் பார்ப்பார்கள். இப்போது எல்லோரும் பேசுகிற அந்தப் புது வேகப்பந்து வீச்சாளரைப் பற்றி இரண்டு பேரும் மணிக்கணக்கில் விவாதிப்பார்கள்.

"தாத்தா, நீங்க சொல்லுங்க."

அப்பா ஸ்கேன் உறையை வாங்கிப் பிரிக்காமலே மேஜைமேல் வைத்தார். "டாக்டருங்க சொல்லத்தான் செய்வாங்க. ஒருநாள்தானே? போட்டுட்டு வந்து படுத்துக்கட்டும். பந்து கையால போடறதில்லம்மா, நெஞ்சால போடறது."

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோதும் இதையேதான் சொன்னார்.

அப்போது நாங்கள் சிதம்பரத்தில் இருந்தோம், கீழ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். அப்பா தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. அம்மாவின் தம்பி, என் மாமா, எங்கள் வீட்டில் தங்கிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். நல்ல உயரம். நிலைப்படியில் குனிந்துதான் உள்ளே வருவார். எங்கள் தெருவில் அப்போது கலர் டீ.வி. இருந்தது இரண்டு வீட்டில். ஒன்று எங்களுடையது. மரக்கதவு வைத்த பெட்டி. இரண்டு கதவையும் இழுத்துத் திறக்கும்போது ஒரு வார்னிஷ் வாசனை வரும். அந்த டீ.வி. பிறகு எங்கே போனதென்று தெரியவில்லை.

அது மார்கழி மாதம். இந்திய அணி ஆஸ்திரேலியாவில் விளையாடிக்கொண்டிருந்தது. அங்கே காலை என்றால் இங்கே விடிந்திருக்காது. கோயில் ஒலிபெருக்கி ஒரு பக்கம் அலற, மப்ளர் சுற்றிய ஆட்கள் பனியோடு எங்கள் கூடத்துக்குள் வருவார்கள். பரங்கிப்பேட்டையிலிருந்து வந்து சிதம்பரத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர். அவருடைய அண்ணன் சிங்கப்பூரில் இருந்ததால் வெளிநாட்டு கிரிக்கெட் பத்திரிகைகள் அவருக்கு வரும். இன்னொருவர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியவர். அம்மா அடுப்படியில் காபி போட்டுப் போட்டு அனுப்புவாள். எனக்குப் பித்தளை டம்ளரின் சூடும், ஈரக் கம்பளியின் வாடையும், அந்தப் பந்து மட்டையில் படும் சத்தமும் ஒன்றாகத்தான் நினைவிருக்கின்றன.

அந்தத் தொடரில் ஒரு புது வேகப்பந்து வீச்சாளர் வந்திருந்தார். முதல் மேட்சில் அவரை யாரும் பொருட்படுத்தவில்லை.

"வேகம் இருக்கு சார், ஒத்துக்கறேன்" என்பார் பாய். "ஆனா பந்து எங்க போவுதுன்னு அவனுக்கே தெரியல. கீப்பரு பாவம், ஃபுட்பால் கோலியாட்டம் பாயுறாரு."

"மொதல்ல வேகம் வரட்டும் பாய்" என்பார் அப்பா. "லைன் லெங்த்தெல்லாம் கத்துக்கலாம். வேகத்த எவன் கத்துத் தருவான்?"

இன்ஸ்டிடியூட்காரர் இரண்டு பேரையும் மதிக்கமாட்டார். "நம்ம ஊர்ல வேகப்பந்துக்காரன் எதுக்கு? புதுப் பந்தைத் தேச்சிப் பழசாக்கி ஸ்பின்னர் கையில குடுக்கறதுக்கு. எங்க இன்ஸ்டிடியூட்ல புது ரிப்பன் போட்டா, அடிச்சிப் பாக்க ஒரு பையன வெச்சிருக்கேன். அது மாதிரி."

இரண்டாவது மேட்சில் அவர் பேச்சு அடங்கிவிட்டது. அந்தப் புதியவர் ஒரே ஓவரில் ஆட்டத்தைத் திருப்பினார். அதற்கடுத்த மேட்சில்தான் அந்த நாள் வந்தது. வெயில் டீ.வி. வழியாகவே தெரிந்தது. இன்னொரு பந்துவீச்சாளர் காயம்பட்டு உள்ளே போய்விட்டார். இவர் ஒருவரே ஒரு முனையிலிருந்து, இடையில் கொஞ்சம்தான் ஓய்வெடுத்து, நாள் முழுக்கப் போட்டார். கடைசியில் சட்டை முதுகோடு ஒட்டி, வாய் திறந்தபடி ஓடி வந்தார். அப்போதுதான் விக்கெட்டுகள் விழுந்தன. அப்பா அன்று ஆபீஸுக்கே போகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தியா மச்சான்? தோள்ல இல்ல, நெஞ்சுல இருக்கு" என்று மாமாவைப் பார்த்துச் சொன்னார்.

மாமா கதவு நிலையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். அந்த மாதம் முழுக்க அவர் நின்றபடிதான் மேட்ச் பார்த்தார். அப்பா உட்காரச் சொன்னால், "பரவால்ல மாமா" என்பார். "ஃபாஸ்ட் பவுலருக்கு உக்கார ஏது நேரம்" என்று பாய் கிண்டலடிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அது என்ன நிற்பு என்று அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மாமாவும் வேகப்பந்து வீசுகிறவர்தான். சிதம்பரம் அணிக்கு அவர்தான் முதல் ஓவர். சாயங்காலம் அப்பா என்னைச் சைக்கிளில் வைத்துப் பயிற்சிக்குக் கூட்டிப்போவார். மைதானத்து ஓரக் கருவேலமரத்தடியிலிருந்து மாமா ஓடத் தொடங்குவார். முதலில் சத்தமே இருக்காது. கிட்டே வரவர மண்ணில் கால் விழும் சத்தம் கேட்கும். கடைசியில் ஒரு பெருமூச்சு. பந்தைத் தொடையில் தேய்த்துத் தேய்த்து வெள்ளை பேன்ட்டில் விழுந்த செங்கோடு, அம்மா எத்தனை அடித்துத் துவைத்தாலும் போகாது. சென்னையில் ஒரு கம்பெனி அணிக்கு ஆள் பார்க்கிறார்கள், எடுத்தால் வேலையும் உண்டு, மாசி மாதம் கடலூரில் நடக்கும் மேட்சுக்கு அவர்களுடைய ஆள் வருகிறார் என்று பாய் செய்தி கொண்டுவந்தார். அன்றிலிருந்து டீ.வி.யில் வருகிறவரைப் பற்றி என்ன பேசினாலும் அது மாமாவைப் பற்றிய பேச்சாகவும் இருந்தது. அவர் நாள் முழுக்கப் போட்டார் என்றால் இவரும் சாயங்காலம் முழுக்கப் போடவேண்டும். இருட்டிப் பந்து தெரியாமல் போகும்வரை அப்பா விடமாட்டார்.

மாமாவுக்கு இடுப்புக்கு மேலே வலி வந்தது. பிடிப்பு என்று முடிவானது. அதற்கு வைத்தியம் வீட்டிலேயே இருந்தது. நான்தான்.

நான் பிறக்கும்போது தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வந்ததாம். அப்படிப் பிறந்தவர்கள் காலால் நீவினால் பிடிப்பு விட்டுவிடும் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். உங்களில் சிலர்கூட இப்படி யாரிடமாவது முதுகைக் காட்டியிருப்பீர்கள். எங்கள் தெருவில் குடம் தூக்கி இடுப்புப் பிடித்தவர்கள், மூட்டை தூக்கிப் பிடித்தவர்கள் எல்லோரும் காலையில் பல் தேய்ப்பதற்கு முன் வந்து படுத்துக்கொள்வார்கள். நான் இடது காலால் நீவிவிட்டால் ஒரு வாழைப்பழமோ ஆரஞ்சு மிட்டாயோ தருவார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

மாமா கோரைப்பாயில் குப்புறப் படுப்பார். அம்மா கற்பூரத் தைலம் தடவிவிடுவாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி நிற்பேன். மற்றவர்களின் முதுகு மெத்தென்று இருக்கும். மாமாவின் முதுகு கெட்டி. ஓரிடத்தில் மட்டும் என் குதிகால் பட்டதும் அவர் உடம்பு முழுவதும் துள்ளும், தரையில் போட்ட மீன் மாதிரி. நான் சிரிப்பேன். கூச்சம் என்று நினைத்தேன்.

ஒருநாள் அப்பா அறைக்கு வருவதற்கு முன் மாமா தலையைத் திருப்பி மெதுவாகச் சொன்னார்: "பாப்பா, அந்த எடத்துல மட்டும் வேணாம். சுத்தி மிதி."

அப்பா வந்தார். நான் சுற்றி மிதிப்பதைப் பார்த்தார். "எங்க வலிக்குதோ அங்கதாம்மா பிடிப்பு இருக்கும். அங்க மிதி. நல்லா அழுத்து" என்றார். மாமா பாயின் கோரையைப் பல்லால் கடித்துக்கொண்டார்.

நான் ஒன்பது வயதுக் குழந்தை. பெரியவர்கள் சொன்னதைச் செய்தேன். அதற்காக இன்று என்னைத் திட்டிக்கொள்ள நான் தயாரில்லை. அப்பாவும் மாமாவைக் கெடுக்க நினைத்தவர் இல்லை. தன் சட்டையை விற்றாவது அவருக்கு ஷூ வாங்கித் தந்திருப்பார். டாக்டரிடம் போகலாம் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. பிடிப்புக்கு எவன் டாக்டரிடம் போவான்?

அதற்குள் டீ.வி.யில் வந்தவர் ஒரு பல்பொடி விளம்பரத்திலும் வரத் தொடங்கியிருந்தார். அடுத்த மேட்சில் அவர் வேகம் குறைந்தது. ஓடி வருவார், கடைசி நேரத்தில் ஏதோ கையைப் பிடித்து இழுத்ததுபோல் இருக்கும். ஒருமுறை ஓவர் முடிந்ததும் இடுப்பில் கைவைத்தபடி உள்ளே போய்விட்டார்.

"பல்பொடி வெளம்பரத்துல சிரிக்க முடியுது, பந்து போட முடியலியா?" என்றார் பாய்.

"நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார் இன்ஸ்டிடியூட்காரர். "ரிப்பன் தேஞ்சிடுச்சி."

அப்பாவுக்குத்தான் கோபம் அதிகம். நம்பியவர் அவர்தானே. "ஒண்ணும் இல்ல. நடிக்கிறான். அடி விழும்னு தெரிஞ்சதும் கழட்டிக்கறான்" என்று சொல்லி எழுந்து டீ.வி. கதவைச் சாத்தினார்.

மாமா நிலைப்படியருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அதன் பிறகு முதுகு வலிக்கிறது என்று அவர் வாயால் யாரும் கேட்கவில்லை. எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்டால், "பாப்பா மிதிச்சதுல விட்டுடுச்சிக்கா" என்பார். பல வருஷம் கழித்து, அந்த டீ.வி. பந்துவீச்சாளருக்கு முதுகில் அறுவைச் சிகிச்சை நடந்ததாக நாளிதழின் ஓரத்தில் சின்னதாக ஒரு செய்தி வந்தது. அப்பா ஒரு வரி விடாமல் படிக்கிறவர். அதையும் படித்திருப்பார். அதைப் பற்றி வீட்டில் பேச்சு வந்ததாக நினைவில்லை.

கடலூர் மேட்சுக்கு எல்லோரும் பஸ்ஸில் போனோம். அம்மா எலுமிச்சம்பழ சாதம் கட்டியிருந்தாள். மஞ்சக்குப்பம் மைதானத்தில் அன்று கடல் காற்று பலமாக இருந்தது. வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டுச் சென்னைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலையில் மாமா போட்ட பந்துகளை இன்றும் என்னால் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கமுடியும். ஒரு ஸ்டம்ப் பறந்துபோய் விழுந்ததை எடுத்துவரக் கீப்பர் ஓடினார். சென்னைக்காரர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு மாமா எல்லைக் கயிற்றோரம் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. அப்பா எழுந்து போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"மாமா, நான் கொஞ்சம் கழிச்சிப் போடறேன். முதுகு..."

"ஆளு உக்காந்து பாத்துக்கிட்டிருக்காரு. இப்ப போடாம எப்ப போடப் போற? முதுகு எல்லாருக்கும்தான் இருக்கு. டீ.வி.யில பாத்தமே ஒருத்தன, அவனாட்டம் ஆயிடாத மச்சான்."

மாமா போனார். முதல் இரண்டு பந்து போட்டார். மூன்றாவதற்கு ஓடி வந்தவர் கோட்டருகே நின்றுவிட்டார், பந்தை விடவில்லை. திரும்பிப் போய் மறுபடி ஓடி வந்தார். பந்து போனது. அவர் அப்படியே கையையும் காலையும் ஊன்றித் தரையில் விழுந்தார். மைதானத்தில் யாரோ சிரித்தார்கள். எழுந்திருக்க நேரமாயிற்று. எழுந்ததும் பந்தை நடுவர் கையில் கொடுத்துவிட்டு நடக்க ஆரம்பித்தார். எங்கள் பக்கம் வரவில்லை. எதிர்ப்பக்கம், ரோட்டைப் பார்த்து நடந்தார்.

"ஓவர முடிச்சிட்டாவது போவலாம்ல" என்றார் இன்ஸ்டிடியூட்காரர். மிச்சப் பந்துகளை வேறொருவர் போட்டார். சென்னைக்காரர் தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் வந்து சேர்ந்துகொண்ட மாமா சிதம்பரம் வரை கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தார். அப்பா முன் சீட்டிலிருந்து திரும்பாமலே அம்மாவிடம் சொன்னார். "பயந்துட்டான். அவ்ளோதான். நெஞ்சு இல்ல."

பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

மாமா படிப்பை முடிக்காமல் பெண்ணாடம் பக்கம் போய்விட்டார். ஆலைக்குக் கரும்பு ஏற்றும் லாரிகளை வரிசைப்படுத்தும் வேலை. நின்றுகொண்டே செய்கிற வேலை. அது அவருக்கு ஒத்துப்போனது. கல்யாண வீடுகளில் பந்தியில் உட்காரமாட்டார். இலையைக் கையில் ஏந்திச் சுவரோரம் நின்று சாப்பிடுவார். சொந்தக்காரர்கள் விடுவார்களா? "என்னா மாப்ள, இன்னும் அந்த ஓவர முடிக்கலியா?" என்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். "நமக்கு நெஞ்சு பத்தாது மாமா. பயந்தாங்கொள்ளி. பொறப்பு அப்படி" என்பார். என் கல்யாணத்திலும் சொன்னார். சில வருஷங்களுக்கு முன் மஞ்சள்காமாலையில் போய்விட்டார். அவர் முதுகை யாரும் கடைசிவரை படம் எடுத்துப் பார்க்கவில்லை. அதனால் அவருக்கு இருந்தது இதுதான் என்று என்னால் அடித்துச் சொல்லமுடியாது. ஆனால் டாக்டர் பேனா முனையை வைத்த இடத்தை என் குதிகால் அறியும்.

தேர்வுக்கு முந்தின சாயங்காலம், அதாவது சனிக்கிழமை, மகன் பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டான். என் கணவர் இரண்டு நாளாகச் சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டார். அப்பா கூடத்து மேஜையில் பேரனின் வெள்ளை பேன்ட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் பையன் நிற்பான். அவர் அந்த வார்த்தையைச் சொல்லவேண்டுமென்றால் நான் மாமாவைப் பற்றிப் பேசியாக வேண்டும். அப்பாவின் இதயத்தில் ஸ்டென்ட் இருக்கிறது. இந்த வயதில் அவரிடம் இதைச் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் ஸ்கேன் படத்தை எடுத்து டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்தேன்.

"கண்ணாடி போட்டுக்கிட்டு இங்க பாருங்கப்பா. இந்தக் கோடு தெரியுதா? இதான் விரிசல்."

"ம்."

"மாமா முதுகுல இதே எடத்துலதான்பா என்னை மிதிக்கச் சொன்னீங்க."

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அவனுக்குப் பிடிப்பும்மா."

"யாருகிட்டப்பா காமிச்சோம்? யாரு சொன்னாங்க பிடிப்புன்னு?"

அவர் என் கையிலிருந்து படத்தை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ஒருமுறை தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தார். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வாரோ என்று நான் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

"அவனுக்குத் தெரியுமா இது?" என்றார்.

"தெரியாதுப்பா. கடைசிவரைக்கும் பயந்தாங்கொள்ளின்னுதான் அவரும் சொல்லிக்கிட்டிருந்தாரு."

அப்பா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். பேரனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவன் வந்து கதவருகே நின்றான்.

"நாளைக்கு வேணாம்டா."

"நீங்களுமா தாத்தா? எனக்குத்தான் வலிக்கவே இல்லைன்னு சொல்றேன்ல? அம்மா சொல்லிக் குடுத்தாங்களா?"

"பெண்ணாடத்துத் தாத்தா இருந்தான்ல. அவன் எங்கிட்ட வலிக்குதுன்னு சொன்னான்டா. நான்தான் நடிக்காதன்னேன்." அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "ஊரு பூரா அவன் பயந்துட்டான்னு சொன்னது நான்தான்."

மகன் என்னைப் பார்த்தான். தாத்தாவைப் பார்த்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அவன் உள்ளே வந்து, கூடத்தில் கிடந்த கட்டிலில் இரண்டு கையையும் ஊன்றி, மெதுவாக, வயதானவர்கள் உட்காருவதுபோல உட்கார்ந்தான். அதுவரை எங்கள் முன்னால் அவன் அப்படி உட்கார்ந்ததில்லை.

"வலிக்குது தாத்தா" என்றான். "ரொம்ப ஜாஸ்தியா வலிக்குது."

"எப்பலேருந்துடா?"

அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "முழுப்பரீட்சைக்கு முன்னாடிலேருந்து."

பரீட்சை பங்குனியில் முடிந்தது. இது ஆடி. இடையில் அவன் பந்து போட்ட மேட்ச்களை நான் மனதுக்குள் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கத் தொடங்கினேன். எல்லாவற்றுக்கும் நான் போயிருந்தேன். எல்லாவற்றிலும் கைதட்டியிருந்தேன்.